பானை ஓடு கூறும் வரலாறு
(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் கி.மு. 2172 அளவிலேயே இரும்பு வழங்கிற்று என 2022 இல் அறிவிக்கப்பட்டது. இரும்பின் பெருமையை எல்லோரும் பேசினோம். அங்கே கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளும் கிடைத்தன. யான் இன்று பானை ஓட்டைப் பற்றிப் பேச விழைகிறேன்.

எழுத்தில்லாத ஓடும் தன் ஊரைச் சொல்லும். எவ்வாறு? பாறை சிதைந்தே களிமண் உண்டாகிறது. ஆகவே ஒவ்வொரு வட்டாரத்து மண்ணிலும் இரும்பு, டைட்டானியம், ரூபிடியம் முதலிய தனிமங்கள் வெவ்வேறு அளவில் கலந்திருக்கும். சூளையில் சுட்டபின்னும் அவ்வளவு பெரிதும் மாறுவதில்லை. எக்ஸ் கதிர்களை ஓட்டின்மீது செலுத்தினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரை வெளியிடும். அதனை அளந்து பல ஊர் மண்ணோடு ஒப்பிட்டால், பானை வனையப்பட்ட இடம் புலப்படும்.

கீழடியின் நீர்க்கலங்களும் சமையற்கலங்களும் உள்ளூர் மண்ணாலானவை என்பது இத்தாலியின் பைசா பல்கலைக்கழகச் சோதனையால் தெரியவந்தது. கடல் கடந்த கலங்களும் உண்டு. அரிக்கமேட்டில் 1945 இல் மார்டிமர் வீலர் கண்டெடுத்த, உட்புறம் புள்ளி வரிகள் உருட்டப்பெற்ற ஓடுகளைப் போன்றவை இலங்கை அநுராதபுரத்திலும், பாலித் தீவின் செம்பிரானிலும் கிடைத்தன. சோதித்தபோது மண்ணின் கலவை ஒத்திருந்தது. அம்மண் வங்கத்துச் சந்திரகேதுகர், தம்லுக் பகுதியது என்றார், 1997 இல், புனே டெக்கான் கல்லூரி அறிஞர் விஸ்வாஸ் கோக்டே. விவாதம் தொடர்கிறது, ஆயினும் வணிகத்தின் வழி தெளிவாயிற்று.

நண்பர்களே! யான் சிறுவனாயிருந்தபோது பள்ளியின் தண்ணீர்ப் பானையைத் தொட எனக்கு உரிமையில்லை. பிறர் வார்க்கக் கையேந்திக் குடித்தேன். ஓட்டைச் சோதிக்கும் கருவியோ மண்ணைக் காண்கிறது, தனிமத்தைக் காண்கிறது, தீட்டை எங்கும் கண்டதில்லை. தீட்டு மண்ணில் இல்லை. மனிதன் மனத்தில் இருந்தது.

இவ்வகைக் கருவியே தொழிற்சாலை ஆய்வுக்கூடங்களில் உலோகக் கலவையையும் சோதிக்கிறது. ஓசூரில் ஆலை வாயிலில் ஒப்பந்தக் கூலிகளாய்க் காத்து நிற்கும் நம் பிள்ளைகள், வேதியியல் பயின்று அவ்வாய்வுக்கூடங்களுக்குள் நுழைதல் வேண்டும். பானை வனைந்தோர், இரும்பு உருக்கியோர், சுமை தூக்கியோர் பெயர்கள் ஏடுகளில் இல்லை. அவர்தம் உழைப்பு ஓடுகளில் உள்ளது. அதனைப் படிக்கும் கல்வியை நம் மக்கள் பெறுவார்களாயின், இச்சங்கம் கண்ட வெள்ளி விழா பொருளுடையதாகும்.