முத்திரிக் கிணறு

கன்னியாகுமரி அருகே சாமித்தோப்பில் முத்திரிக் கிணறு இருக்கிறது. தண்ணீர் இறைக்கவும் சாதி பார்த்த திருவிதாங்கூரில், எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்துக் குடிக்கட்டுமென்று சமூகச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டர் வெட்டச்செய்த கிணறு.

நோயென்று வந்தவர்களுக்கு அய்யா தந்தது தண்ணீரும் மண்ணும்தான். ஆனால் அவர் ஆற்றியது உடம்பை மட்டுமல்ல. தலையில் துணிகட்டக்கூட உரிமை மறுக்கப்பட்ட ஆண்களைத் தலைப்பாகையோடு கும்பிடச் சொன்னார். அவருடைய வழிபாட்டிடமான பதியின் உள்ளே சிலை இல்லை, நிலைக்கண்ணாடி! குனிந்தே பழகிய மனிதன் அதில் தன் முகத்தையே பார்க்கிறான். எனக்கு இதைவிடப் பெரிய மருந்து தெரியவில்லை.

திருவிதாங்கூர் அரசர் அய்யாவைச் சிறையில் அடைத்தார். விடுதலையானபின், அவரை நம்பிய குடும்பங்கள் கடற்கரையில் கூடின. தினமும் குளித்து, துணி துவைத்து, சேர்ந்து உண்டு வாழ்ந்தார்கள். அதற்குத் துவையல் தவசு என்று பெயர். 1851இல் அய்யா மறைந்தார். ஆண்கள் இன்றும் தலைப்பாகையோடுதான் பதிக்குள் போகிறார்கள்.