நுண்கருவும் செலுத்திகளும்

கணினி ஒன்றில் விசைப்பலகை, வட்டு, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை எனப் பல உறுப்புகள் உள. இவற்றை ஒருங்கே ஆளும் அடிப்படைச் செய்நிரல் இயக்க முறைமை எனப்படும். அதன் நடுவிடம் கரு. ஒவ்வோர் உறுப்பையும் பணிசெய்ய வைக்கும் சிறு செய்நிரலுக்குச் செலுத்தி என்று பெயர். இச்செலுத்திகள் எங்கே இருத்தல் வேண்டும் என்பது நேயர்களுக்குச் சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும், கணினி திடீரென நின்றுபோவதும் நில்லாதிருப்பதும் பெரிதும் இதன் விடையையே பொறுத்துள்ளன.

லினக்ஸ் முறைமையிற் பெரும்பாலான செலுத்திகள் கருவினுள்ளேயே இயங்குகின்றன. கருவோ நினைவகம் முழுவதையும் மாற்றவல்லது. ஆகவே, ஒலி அட்டையின் செலுத்தி தவறிழைத்தாலும் முறைமை முழுவதும் வீழலாம். எழுதிக்கொண்டிருந்த கடிதமும் அழியலாம். செலுத்திகளில் பிழைகள் ஏனைய பகுதிகளைவிட மிகுதி என்பதை 2001ஆம் ஆண்டில் வெளியான ஸ்ரான்போர்ட் ஆய்வொன்று காட்டியது.

அம்ஸ்ரடாம் நகரப் பேராசிரியர் அன்ட்றூ தனன்பாம் குழுவினர் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட மினிக்ஸ் 3 வேறு வழி சென்றது. அதன் கரு மிகச் சிறியது. செய்திகளைக் கொண்டுசேர்த்தல், செயலியின் நேரத்தைப் பங்கிடுதல் போன்ற சில பணிகளையே அது செய்தது. கோப்புகளைப் பேணுவதும் வட்டைச் செலுத்துவதும் கருவுக்கு வெளியே தனித்தனிச் செயன்முறைகளாயின. ஒன்று மற்றொன்றின் நினைவகத்தைத் தொட இயலாது. வேண்டியதைச் செய்தி அனுப்பியே பெறவேண்டும்.

இவற்றைக் கண்காணிக்க மறுபிறப்புச் சேவகம் என்னும் செயன்முறையும் அமைக்கப்பட்டது. அது செலுத்திகளை இடையிடையே விசாரிக்கும். மறுமொழி வாராவிடின், பழுதுற்றதை நீக்கிப் புதியதைத் தொடக்கும். வட்டின் செலுத்தியே வீழ்ந்தால், அதனை வட்டிலிருந்து மீண்டும் எடுப்பது எங்ஙனம்? அதன் படியொன்று முன்னரே நினைவகத்தில் வைக்கப்பட்டிருந்தது.

இவ்வேற்பாட்டுக்கும் எல்லை உண்டு. வலையமைப்பில் இழந்த தரவு மறுபடி அனுப்பப்படும். பாதியில் நின்ற அச்சுவேலை அவ்வாறு தானாகச் சீர்படாது. செய்திப் பரிமாற்றத்தால் வேகமும் ஓரளவு குறையும். அவ்விலையைக் கொடுப்பது தகுமா என்பது பற்றித் தனன்பாமும் லினக்ஸைத் தொடக்கிய லினஸ் ரோவல்ட்ஸும் 1992ஆம் ஆண்டிலேயே வாதிட்டனர். நோயாளியின் உயிரைக் காக்கும் பொறிக்கும் வீட்டு விளையாட்டுக் கணினிக்கும் அவ்வினாவின் விடை ஒன்றாக இருத்தல் இயலாது.