மடியே மருந்து

சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறவேண்டும். அம்மலைமேல் நான் தலைமையாசிரியனாக இருந்தபோது என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, பின்னர்ச் செவிலியாகி, மணிப்பூரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகின்றாள். விடுமுறையில் வந்தவள், ஹெராயின் பழக்கத்துக்கு ஆட்பட்ட தாய்மாரின் பச்சிளங் குழந்தைகளைத் தான் பேணுவதாகக் கூறினாள். "அத்தகைய தாயிடமிருந்து குழந்தையை உடனே பிரித்துவிடுவதன்றோ முறை?" என்றேன். "இல்லை ஐயா, அதுதான் தவறு" என்றாள். பிறரைத் திருத்தியே பழகிய எனக்கு அது சற்று உறுத்தியது. எனினும் கேட்டேன்.

மாணவ நண்பர்களே! தாயின் குருதியில் கலந்த ஹெராயினும் அபினும் நச்சுக்கொடி வழியே கருவையும் சென்றடைகின்றன. மாதக்கணக்கில் அவற்றுக்குப் பழகிய சிற்றுடலுக்கு, தொப்புள்கொடியை அறுத்தவுடன் அந்த வரத்து நின்றுவிடுகிறது. ஓரிரு நாள்களில் குழந்தை கீச்சுக்குரலில் ஓயாது அழுகிறது, கைகால் நடுங்குகின்றன, அடிக்கடி தும்முகிறது, பாலைச் சரியாகச் சப்ப இயலாது, வயிறு போகிறது, அரிதாக வலிப்பும் காண்கிறது. இக்குழந்தையைப் போதைக்கு அடிமை என்பது பொருந்தாது. அது எதையும் விரும்பி நாடவில்லையே!

நம் நாட்டுக்கு இத்துன்பம் புதிதன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார், தாம் வேலையிலிருக்கும் நேரமெல்லாம் குழந்தை உறங்கட்டுமென்று அபின் உருண்டையைக் கொடுத்துச் சென்றதுண்டு. விட்லி என்பார் தலைமையில் அமைந்த தொழிலாளர் ஆணைக்குழு 1931-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இவ்வழக்கம் இடம்பெற்றது. அத்தாய்மார் கொடியவரல்லர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாதவர்.

மருத்துவத்துக்கு வருவோம். 1975-இல் அமெரிக்க மருத்துவர் லொரெட்டா பின்னகன், நடுக்கம், தும்மல் முதலிய அறிகுறிகளுக்கு மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை மிகுந்தால் மார்பின் போன்ற மருந்தைத் துளித்துளியாகக் கொடுக்கும் முறைக்கு வழிகோலினார். மதிப்பெண்ணையே நம்புவதில் உள்ள குறையை ஆசிரியனாகிய நான் அறிவேன். பிற்காலத்து மருத்துவர்கள் மூன்றே கேள்விகள் கேட்டனர்: குழந்தை போதிய அளவு பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரமேனும் தொடர்ந்து உறங்குகிறதா? அழுதால் பத்து நிமிடத்துக்குள் தேற்ற முடிகிறதா? முடியாவிடில், முதலில் விளக்கைத் தணித்து, ஓசையை அடக்கி, துணியால் இதமாகச் சுற்றி, தாயின் மார்போடு அணைத்து வைப்பர். அதுவும் போதாவிட்டாலே மருந்து. 26 அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023-இல் வெளியாயிற்று. பழைய முறையில் வீடு திரும்பத் தகுதி பெறச் சராசரி 14.9 நாள் ஆயிற்று. புதிய முறையில் 8.2 நாளே. மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு 52-லிருந்து ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தனர்.

ஆயின் தாய் உண்மையைச் சொன்னாலன்றோ இவையெல்லாம் கூடும்? கருவுற்றவள் அஞ்சித் திடீரெனப் பழக்கத்தை நிறுத்துவதும் கருவுக்கு ஆபத்தே. மருத்துவர் மேற்பார்வையில் மாற்றுமருந்து தரவேண்டும் என்றும், பாலூட்டலை ஊக்கவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை கூறுகிறது.

என் மாணவி கண்ட தாய் ஒருத்தி, ஊரார் ஏசுவரென்று அஞ்சி யாரிடமும் எதுவும் கூறாமல், பிள்ளை பெற்ற மறுநாளே வீடு திரும்பிவிட்டாளாம். நான்காம் நாள் இரவு, நடுங்கும் குழந்தையைப் புடவைத் தலைப்பில் பொதிந்துகொண்டு ஓடிவந்தாள். "என்னிடமிருந்து பிரித்துவிடுவீர்களா?" என்பதே அவள் கேட்ட முதற் கேள்வி.

"நீ என்னம்மா சொன்னாய்?" என்றேன்.

"நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, உட்காரச் சொன்னேன், ஐயா. ஐந்து இரவுகள் அவள் குழந்தையை மடியைவிட்டு இறக்கவேயில்லை."