வட்டத்தொட்டியும் மணிலா மேடையும்



குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியிலிருந்து பேரருவி வரைக்கும் சாலை முழுக்க ஈரத் துண்டும் எண்ணெய் வாசமும்தான். சீசனுக்கு வருகிறவர்கள் பேரருவியில் குளிக்கிறார்கள், ஐந்தருவிக்குப் போகிறார்கள், பழைய குற்றாலத்தையும் ஒரு நடை பார்க்கிறார்கள், பிரானூர் பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ஊர் திரும்புகிறார்கள். நல்லதுதான். ஆனால் தென்காசியிலிருந்து அருவிக்கு வரும் வழியில் மேலகரம் என்ற ஊரை அவர்கள் கடக்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊரில் இருந்த திரிகூடராசப்பக் கவிராயர்தான் குற்றாலக் குறவஞ்சியைப் பாடியவர். அதற்காக மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர் வந்தது. ஒரு பாட்டு நூலின் பெயர் நிலத்துக்கு வந்த சீமை இது.

அந்தப் பாட்டைக் கேட்கத் தெரிந்த ஒருவரும் இதே பக்கத்தில் பிறகு வாழ்ந்தார். தென்காசிக் குடும்பத்தைச் சேர்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார். டி.கே.சி. என்றால்தான் பலருக்கும் தெரியும். வக்கீலுக்குப் படித்தவர், சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தவர், அறநிலைய ஆணையராக வேலை பார்த்தவர். இதெல்லாம் அவருடைய வாழ்க்கைக் குறிப்பில் வரும். ஆனால் அவர் முழு மனதோடு செய்த காரியம் ஒன்றுதான்: நாலு பேரை உட்கார வைத்து ஒரு பாட்டைச் சொல்வது. 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், அவர் வீட்டு முற்றத்தில் அது நடந்தது. அந்தக் கூட்டத்துக்குத்தான் வட்டத்தொட்டி என்று பெயர். பிற்காலத்தில் அவர் குற்றாலத்துக்கே குடிவந்துவிட்டார். வட்டத்தொட்டியும் அவரோடு இங்கே வந்துவிட்டது. 1954-ல் அவர் காலமாகும் வரை ராஜாஜியும் கல்கியும் தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானும் நீதிபதி மகாராஜனும் அருவிக்காக மட்டும் குற்றாலம் வரவில்லை.

பாட்டைக் கூடியிருந்து கேட்பதை ஒரு கலை என்று சொல்லலாமா? பாடுவது கலை, ஆடுவது கலை. கேட்பதில் என்ன கலை என்று தோன்றும். டி.கே.சி. செய்ததை நெருங்கிப் பார்த்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

அவர் பாட்டைச் சொல்லிவிட்டு உடனே பொருள் சொல்லமாட்டார். முதலில் பாட்டு காதில் விழவேண்டும். திரும்பச் சொல்வார். எந்த இடத்தில் மூச்சு நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்துவார். ஒரு சொல்லில் அழுத்தம் விழும்போது கையும் முகமும் சேர்ந்து வேலை செய்யும். எதிரே இருப்பவர் ராஜாஜியாக இருந்தாலும் சரி, எழுத்துக்கூட்டிப் படிக்கும் விவசாயியாக இருந்தாலும் சரி, பாட்டு அவர் முகத்தில் தெரியும் வரை அடுத்ததற்குப் போவதில்லை. ஒரு மாலைப்பொழுதுக்கு இரண்டு மூன்று பாட்டுப் போதும். பாட்டுக்கு ஓர் உருவம் உண்டு, அந்த உருவம் செவிக்குத்தான் அகப்படும் என்பது அவருடைய கட்சி. அச்சில் பார்க்கும் பாட்டை அவர் பாதிப் பாட்டாகத்தான் மதித்தார்.

வானொலியில் பேசும் எனக்கு இது பெரிய வசதி. ஒரு பாட்டை அவர் வழியில் அணுகிப் பார்க்கலாம். குறவஞ்சியில் தலைவி வசந்தவல்லி பந்தடிக்கிற இடம் உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே நினைவில் இருக்கும். அதை மனத்துக்குள் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். வளையின் ஓசை வருகிற இடத்திலிருந்து சொற்கள் இரண்டிரண்டாக மடங்கி மடங்கி வரும். பந்து தரைக்குப் போகிறது, கைக்கு வருகிறது, மறுபடியும் தரைக்குப் போகிறது. கவிராயர் பந்தை வருணிக்கவே இல்லை. பந்து போய்வரும் நேரத்தைச் சொல்லில் அளந்து வைத்துவிட்டார். இதைக் கண்ணால் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. வாய்விட்டுச் சொன்னால் இரண்டாவது அடியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, குறத்தி தன் மலையைப் பற்றிச் சொல்லும் இடம். வசந்தவல்லி கேட்கிறாள், உன் மலை எது, அதன் வளம் என்ன என்று. வந்திருப்பவள் குறி சொல்லிப் பிழைக்கும் பெண். கேட்பவள் செல்வக் குடும்பத்துப் பெண். இப்போது பாட்டைக் கவனியுங்கள். ஆண்குரங்கு பழத்தைப் பெண்குரங்குக்குக் கொடுத்துக் கொஞ்சுகிறது. அது சிந்திய பழத்துக்கு மேலே இருப்பவர்கள் கெஞ்சுகிறார்கள். கீழே நிற்கும் வேடர்கள் கண்ணை எறிந்து தேவர்களை அழைக்கிறார்கள். வானத்தில் போகிற சித்தர்கள் இறங்கி வந்து வந்து காயசித்தி மூலிகை வளர்க்கிறார்கள். தேனருவியின் அலை மேலெழும்பி வானத்து வழியில் ஒழுக, அந்த ஈரத்தில் சூரியனுடைய குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன.

நம் பழைய பாட்டுகளில் மனிதன் கீழே நின்று வானத்தைப் பார்த்துக் கையெடுப்பான். இங்கே வானம் மலையைப் பார்த்துக் கை நீட்டுகிறது, அதுவும் குரங்கு சிந்திய பழத்துக்காக! இவ்வளவையும் சொல்லி, இது எங்களுடைய மலை என்று முடிக்கிறாள் குறத்தி. கையில் கூடையும் மாத்திரைக்கோலும் தவிர ஒன்றும் இல்லாதவள், செல்வக் குடும்பத்துப் பெண்ணின் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்கிறாள். அருவியின் ஈரத்தில் சூரியனே தடுமாறுவதாகச் சொல்லும் அந்த விளையாட்டை, செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் பார்த்த கால்கள் உடனே ஒத்துக்கொள்ளும். இந்தப் பக்கத்து மக்களின் குணம் என்ன என்று யாராவது என்னைக் கேட்டால் இந்தப் பாட்டைத்தான் காட்டுவேன். சொத்து சுகம் குறைந்திருக்கலாம், மலையைப் பற்றிய பேச்சில் குறையிருக்காது.

ஒரு ஜனத்தின் குணம் என்ற பேச்சு வந்தால் எனக்குப் பிலிப்பைன்ஸ் நாட்டு நினைவு வராமல் போகாது. ஸ்பெயின் முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆண்ட தீவுகள் அவை. ஆண்டவர்கள் அந்த மக்களுக்கு ஒரு குணத்தை எழுதி ஒட்டினார்கள்: சோம்பேறிகள். அதற்கு அந்த நாட்டு எழுத்தாளர் ஹோசே ரிசால் 1890-ல் லா சொலிடாரிடாட் இதழில் ஒரு நீண்ட கட்டுரைத் தொடராகப் பதில் எழுதினார். ஸ்பெயின்காரர்கள் வருவதற்கு முன்னால் இவர்கள் கடல் வாணிகம் செய்தவர்கள், கப்பல் கட்டியவர்கள். கட்டாய வேலையும் போரும் வரியும் வந்து, உழைத்தவன் கைக்கு உழைப்பின் பலன் சேராமல் போன பிறகுதான் கை சோர்ந்தது என்று காரண காரியத்தோடு காட்டினார். 1887-ல் அவர் எழுதிய நோலி மே தாங்கரே நாவலும் அந்த வாதத்தின் இன்னொரு பக்கம். 1896 டிசம்பர் 30 அன்று அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

ரிசால் எழுதியது ஸ்பானிய மொழியில். ஆளவந்தவனுக்கு அவன் மொழியிலேயே பதில் சொல்வது ஒரு வகை வீரம். தன் ஜனத்தோடு தன் மொழியில் பேச வேண்டிய வேலை அதன் பிறகும் பாக்கி இருந்தது. 1898-ல் ஸ்பெயின் போய் அமெரிக்கா வந்தது, பள்ளிக்கூடம் எல்லாம் ஆங்கிலமாயிற்று. அந்தச் சமயத்தில், 1924 ஏப்ரல் 6 அன்று, மணிலாவில் ஒரு கூட்டம் நடந்தது. தகாலோக் மொழியின் மகாகவி பிரான்சிஸ்கோ பலக்தாஸின் பிறந்தநாளை ஒட்டிய விழா. ஹோசே கொராசோன் டி ஹெசுஸ், புளோரெந்தினோ கொலியாந்தெஸ் என்ற இரண்டு கவிஞர்கள் மேடையில் எதிரெதிராக நின்று பாட்டிலேயே வாதாடினார்கள். ஒரு மலர் வண்டுக்கா, வண்ணத்துப்பூச்சிக்கா என்பது வழக்கு. அந்தக் கலைக்குப் பலக்தாஸின் பெயரையே வைத்துப் பலக்தாசான் என்றார்கள். அது முளைத்த வேர் இன்னும் பழையது. இறந்தவர் வீட்டில் இரவு விழித்திருக்கும் கூட்டத்தில் பாட்டுக்குப் பாட்டு சொல்லி விளையாடும் துப்லோ என்ற கிராமத்து வழக்கம் அது. அதை எடுத்து நகர மேடைக்கு ஏற்றினார்கள், ஜனம் திரண்டது.

அதே 1920களில் நம் பக்கத்தில் வட்டத்தொட்டி. இரண்டுக்கும் ஒன்றையொன்று தெரியாது. ஆனால் இரண்டு இடத்திலும் நிலைமை ஒன்று. படித்தவன் என்றால் ஆங்கிலத்தில் பேசுகிறவன் என்று ஆகிவிட்ட காலம். தமிழில் பேசினால் மரியாதை குறையும் என்று கூசிய வக்கீல்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஆங்கிலம் நன்றாகப் படித்த டி.கே.சி. கம்பனைச் சொன்னார், முத்தொள்ளாயிரத்தைச் சொன்னார், குறவஞ்சியைச் சொன்னார். வீட்டுப் பெண்களும் வயல்காட்டு ஆட்களும் பேசுகிற தமிழில்தான் உயிர் இருக்கிறது என்று சொன்னார். தமிழிசை இயக்கம் எழுந்தபோது முன்னால் நின்றவர்களில் அவரும் ஒருவர்.

மணிலா மேடைக்கு ஆயிரம் பேர் வேண்டும், வெற்றி தோல்வி வேண்டும், கைதட்டல் வேண்டும். வட்டத்தொட்டிக்கு முற்றம் போதும். எது பெரிது என்று கேட்டால் எனக்கு முற்றத்தின் பக்கம்தான் மனம் சாய்கிறது. பிலிப்பைன்ஸ் எழுத்தாளர் நிக் ஹோக்கின் 1966-ல் தன் மக்களைப் பற்றி ஒரு கடுமையான கட்டுரை எழுதினார். எதையும் சின்னதாகவே நினைக்கிறோம், கடையில் ஒற்றைச் சிகரெட்டும் பாதிப் பூண்டும் வாங்கிப் பழகிய சிறுமை நம் கலையிலும் இறங்கிவிட்டது என்று மனம் வெதும்பினார். அவருடைய ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அளவுகோல் பாட்டுக்குச் செல்லாது. முத்தொள்ளாயிர வெண்பாவுக்கு நாலே அடி. அப்படி இரண்டு மூன்று பாட்டில் டி.கே.சி. ஒரு மாலை முழுவதும் தங்கினார், உடன் இருந்தவர்கள் நிறைந்து எழுந்துபோனார்கள்.

அங்கிருந்து எழுந்துபோனவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். பாஸ்கரத் தொண்டைமான் ஊர் ஊராகக் கோயில்களைப் பார்த்து வேங்கடம் முதல் குமரி வரை எழுதினார். சிலையைப் பார்ப்பதிலும் அவர் வட்டத்தொட்டி ரசிகர்தான். மகாராஜன் ஷேக்ஸ்பியரைத் தமிழாக்கினார், ஆங்கில வாசகர்களுக்குக் கம்பனை அறிமுகம் செய்தார். மீ. ப. சோமு இதே வானொலியில் பணியாற்றினார். நாணல் என்ற பெயரில் கவிதை எழுதிய அ. சீனிவாசராகவன் தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு இலக்கியம் சொன்னார். கேட்கக் கற்ற பழக்கம் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு தொழிலாக மாறியது.

குறையையும் சொல்ல வேண்டும். தன் செவியில் டி.கே.சி. வைத்த நம்பிக்கை ஒரு கட்டத்தில் எல்லை மீறிற்று. கம்பராமாயணத்தில் தன் காதுக்கு ஒட்டாத பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினார். சில இடங்களில் சொல்லையே மாற்றினார். ஏட்டுச்சுவடிகளோடு வாழ்நாளைக் கழித்த புலவர்கள் கோபப்பட்டார்கள், அந்தக் கோபம் நியாயமானது. நல்ல பாட்டு எது என்று சொல்ல ரசிகனுக்கு உரிமை உண்டு. எது கம்பன் பாட்டு என்று சொல்லச் சுவடி வேண்டும். இந்த இரண்டு வேலையையும் அவர் ஒன்றாக்கிவிட்டார். அவருடைய கம்பராமாயணப் பதிப்பை நான் பாடத்துக்காகத் திறப்பதில்லை. ஆனால் ஒரு பாட்டுக்குப் பக்கத்தில் அவர் எழுதியிருக்கும் நாலு வரிக்காகத் திறந்திருக்கிறேன், பலமுறை.

குறவஞ்சிக்கு வேறு வாழ்வும் கிடைத்தது. 1944-ல் ருக்மிணிதேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் அதை நாட்டிய நாடகமாக மேடையேற்றினார். அழகான தயாரிப்பு, இன்றும் ஆடப்படுகிறது. ஆனால் அது பார்க்கிற கலை. வட்டத்தொட்டி வழியில் இந்த நூலைக் கேட்கிற கூட்டம் அது பிறந்த சீமையிலேயே அருகிவிட்டது என்பதுதான் என் வருத்தம்.

திரும்பத் தொடங்குவது கடினமில்லை. குறவஞ்சியின் கடைசியில் அந்தக் குறத்தி சிங்கியும் அவள் கணவன் சிங்கனும் சந்திக்கும் பகுதி இருக்கிறது. பாட்டுக்குப் பாட்டு பதில் என்பதால் மணிலாவில் மேடை போட்டுச் செய்ததை இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்தே செய்துவிடலாம். பிரிந்திருந்த மனைவியின் காலைப் பார்க்கிறான் சிங்கன். நகை அவனுக்குப் பழக்கமில்லை. காலுக்கு மேலே விரியன் பாம்பு கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். சேலத்துச் சீமையில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் அவள். மண்புழுப் போல நெளிகிறதே என்கிறான். பாண்டியனார் மகளுக்குக் குறி சொல்லக் கிடைத்த பாடகம். செத்த தவளையைக் கட்டியிருக்கிறாயே என்கிறான். குற்றாலநாதர் சந்நிதிப் பெண்கள் தந்த கெச்சம். அவன் கேள்வியில் காடு இருக்கிறது, அவள் பதிலில் அவள் நடந்து சம்பாதித்த நாடெல்லாம் இருக்கிறது. சிங்கன் குரலில் முதலில் பயம், பிறகு சந்தேகம், கொஞ்சம் கொஞ்சமாகப் பெருமை. சிங்கிக்கோ எடுத்த எடுப்பிலேயே நிமிர்ந்த குரல். வீட்டில் யார் சிங்கன், யார் சிங்கி என்று பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பொருள் தெரியாத சொல் வந்தால் நிற்க வேண்டாம், இரண்டாம் தடவை சொல்லும்போது பாதி தானே விளங்கும், மீதிக்கு உரைநூல் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிற வீடானால் சிங்கன் பங்கை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பாம்பும் புழுவும் தவளையும் அவர்களுக்குப் பிடிக்கும்.