முதியோரின் சிறுநீர்த் தொல்லைகளும் அவற்றுக்கான மருந்துகளும்

(ஆவடியில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், மருந்தாளுநராகிய உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

தொழிற்சாலைப் பணியிலிருந்து ஓய்வு பெற்றோர் பலர் வாழும் ஊர் நம்முடையது. ஐவேளையும் பள்ளிக்கு வந்த பெரியவர்கள் சிலர் அறுபதைக் கடந்தபின் வருகையைக் குறைத்துக்கொள்கின்றனர். கேட்டால் முழங்கால் வலி என்பர். உண்மையில் சிலருக்குச் சிறுநீர் சொட்டுகிறது. உளூ நிற்குமோ என்று ஐயுறுகின்றனர். வெட்கத்தால் மகனிடமும் சொல்வதில்லை. இதற்குரிய மார்க்கச் சலுகைகளை இமாம் அவர்களிடம் கேட்டறியலாம். இதற்கு மருந்து உண்டு என்பதை எடுத்துரைக்கவே நான் நிற்கிறேன்.

நோயின் தன்மை

சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. வயது ஏற ஏற அது பருத்துக் குழாயை நெருக்குகிறது. இரவில் பலமுறை எழுதல், முக்கிக் கழித்தல், மெலிந்த தாரை, கழித்தபின்னும் மிச்சம் இருப்பதான உணர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். இவ்வீக்கம் புற்றுநோய் அன்று. எனினும் புற்றுநோய் இல்லை என்பதை மருத்துவரே உறுதி செய்ய வேண்டும். சர்க்கரை நோயாலும், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளாலும் அடிக்கடி சிறுநீர் வரக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டார் உண்ணும் மாத்திரையை வாங்கி உண்பது தவறு.

மருந்து வகைகள்

முதல் வகை, தாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் போன்றவை. இவை கழுத்துப் பகுதித் தசையைத் தளர்த்தி வழி விடுகின்றன. சில நாட்களிலேயே பலன் தெரியும். சுரப்பியைச் சிறிதாக்குவதில்லை. எழும்போது தலைசுற்றலாம், எனவே தஹஜ்ஜுத்துக்கோ ஃபஜ்ருக்கோ எழுவோர் சற்று அமர்ந்து, பிறகு நிற்பது நல்லது. இம்மருந்து உண்போருக்குக் கண்புரை அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து இடையூறு தருவதை 2005-இல் அமெரிக்க மருத்துவர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். கண் மருத்துவரிடம் இம்மாத்திரையின் பெயரை முன்கூட்டியே கூறிவிட வேண்டும். முன்பு உண்டு நிறுத்தியிருந்தாலும் கூற வேண்டும்.

இரண்டாம் வகை, ஃபினாஸ்டரைடும் டூட்டாஸ்டரைடும். டொமினிக்கன் குடியரசின் ஒரு சிற்றூரில், பிறவியிலேயே ஒரு நொதி குறைந்திருந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. இதுபற்றிய ஆய்வு 1974-இல் வெளிவந்தது. அந்நொதியைத் தடுக்கும் மருந்தாக ஃபினாஸ்டரைடு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இவை சுரப்பியையே சுருக்குகின்றன. ஆனால் முழுப் பலனுக்கு ஆறு மாதம் ஆகலாம். ஒரு மாதத்தில் பயனில்லை என்று நிறுத்திவிடுவோர் பலர். சிலருக்கு இல்லற நாட்டம் குறையலாம். அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை அளவை இவை ஏறத்தாழப் பாதியாகக் குறைப்பதால், பரிசோதிக்கும் மருத்துவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உடைந்த மாத்திரையைக் கருவுற்ற பெண்கள் தொடலாகாது. டூட்டாஸ்டரைடு நிறுத்தி ஆறு மாதம் வரை இரத்த தானமும் கூடாது.

மூன்றாம் வகை, அடக்க முடியாத அவசரத்திற்கானவை. ஆண், பெண் இருபாலார்க்கும் உரியவை. டால்டெரோடின், சோலிஃபெனசின் போன்றவற்றால் வாய் வறளும், மலம் கட்டும். முதியோர்க்குச் சில வேளை மனக்குழப்பமும் நேரும். மிராபெக்ரான் என்பது வேறு முறையில் இயங்குவது. அதை உண்போர் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். நம் தாய்மாரும் சகோதரிகளும் இத்தொல்லையை வயதின் விதி என்று பொறுத்திருக்க வேண்டியதில்லை.

எச்சரிக்கைகள்

புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்கள் சளிக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் தாமாக மாத்திரை வாங்கக் கூடாது. அவற்றுள் சில சிறுநீரை முற்றிலும் அடைத்துவிடும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை பயன்படுத்துவோர் டடாலாஃபில் உண்பது உயிருக்கே ஆபத்து. சிறுநீர் அடியோடு நின்றாலும், இரத்தம் கலந்து வந்தாலும், குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டாலும் அன்றே மருத்துவமனை செல்ல வேண்டும்.

ரமலானில் மருந்தை நாமாக நிறுத்தலாகாது. இவற்றுள் பெரும்பாலானவை நாளொன்றுக்கு ஒரு வேளைக்கானவை. இரவு உணவுக்குப் பின் உண்ணுமாறு நேரத்தை மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளலாம்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். முதலில் ஆவடி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல் சிகிச்சைக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உண்டு. மருத்துவர் எழுதிய மருந்தை மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் குறைந்த விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அத்தா இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று நீங்களே கேளுங்கள். அவர் தாமாகச் சொல்லமாட்டார். விலகி நிற்கும் நம் பெரியவர்கள் மீண்டும் முதல் ஸஃப்பில் நிற்க வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.