குடமும் புத்தகமும்

(பஞ்சாயத்து அங்கத்தினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிருக்கு நீர் வேண்டும் என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்கத் தேவையில்லை. பிள்ளைகளின் படிப்புக்கும் நீர் வேண்டும் என்பதையே இன்று சொல்ல வந்துள்ளேன்.

சென்ற பங்குனியில் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். காலை ஒன்பதரை மணி. பள்ளி மணி அடித்தாகிவிட்டது. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இடுப்பில் குடத்துடன் எதிரே வந்தாள். “பள்ளிக்குப் போகவில்லையா, அம்மா?” என்றேன். “இன்னும் இரண்டு நடை இருக்கிறது, ஐயா” என்றாள். ஊர்க் குழாயின் மோட்டார் பழுதாகிப் பல நாட்கள் ஆகியிருந்தன. பழுது பார்க்கும் செலவு சிறிது. அவள் இழந்த பாடமோ பெரிது.

சற்றுக் கணக்குப் பார்ப்போம். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம், ஆளொன்றுக்கு நாள்தோறும் 55 லிட்டர் நீர் என்று அளவு வகுத்தது. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 275 லிட்டர். அதாவது 15 லிட்டர் குடத்தால் பதினெட்டுக் குடத்துக்கும் மேல். நீர் கிடைக்குமிடம் கால் மணி நடையில் இருந்தால், ஒரு குடத்துக்குப் போக வர அரை மணியாகும். மகளின் பங்கு நான்கே குடம் என்றாலும், இரண்டு மணி நேரம் பறிபோகிறது.

நீர் அருகில் இருந்தால் மட்டும் போதாது; தூயதாகவும் இருத்தல் வேண்டும். அசுத்த நீரால் வரும் வயிற்றுப்போக்கு பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவிடாமல் படுக்கையில் கிடத்துகிறது. நம் பகுதி நிலத்தடி நீரில் ஃபுளோரைடும் மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்த நீரைப் பல்லாண்டு பருகினால் பற்கள் கறைபடும். அளவு மிகமிக எலும்பும் கெடும். கொதிக்க வைத்தாலும் அது நீங்காது. ஆகவேதான் காவிரி நீரைத் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயலுக்கு வந்தது.

இனி நாம் செய்யவேண்டியவை யாவை? மோட்டார் பழுதுக்கென்று சிறு தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். மேல்நிலைத் தொட்டியைத் தவறாது கழுவிக் குளோரின் இடச் செய்யுங்கள். கடைசித் தெருக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். நீரைச் சோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சியளிக்க வகையுண்டு. அதனைப் பயன்படுத்திக் கொள்ளுங்கள். பள்ளிக் கழிப்பறைக்கு முதலில் நீர் கொடுங்கள். அது இல்லாவிடில் வளர்ந்த பெண் பிள்ளைகள் வீட்டிலேயே நின்றுவிடுகின்றனர். குழாயில் மோட்டார் பொருத்தி உறிஞ்சுவோர், மேட்டுத் தெருப் பிள்ளைகளின் பங்கையே உறிஞ்சுகின்றனர். இதனை மார்ச் 22 கிராம சபையில் தயங்காது பேசுங்கள்.

அலுவலர்களாகிய எங்களுக்கும் இதில் பொறுப்புண்டு, மறுக்கவில்லை. ஆயினும் குழாய் நின்றதை முதலில் அறிபவர்கள் நீங்களே. அன்று பள்ளி வருகைப் பதிவேட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். ஊரின் நீர்க்கணக்கு அங்கேயும் எழுதப்பட்டிருக்கும்.