பாட்டும் பாடமும்
(பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இலக்கிய மேடையில் டார்வினுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். பள்ளிப் பாடநூலில் அவருக்கு இடமுண்டா என்னும் வழக்கு நம் நாட்டிலும் எழுந்துவிட்டது. அவ்வழக்கில் பழம்பாடல்களையும் சாட்சிக்கு அழைக்கிறார்கள். ஆகவே அது நம் வழக்குமாகும்.

1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பரிணாமத்தைக் கற்பித்த குற்றத்திற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்னும் ஆசிரியருக்கு நீதிமன்றம் 100 டாலர் அபராதம் விதித்தது. நம் நாட்டில் 2018 ஜனவரியில், மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணையமைச்சராயிருந்த சத்யபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவரும் கண்டதில்லை. டார்வின் கொள்கை தவறு. பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் கூடி அதை மறுத்தன.

2023-இல் வெளிவந்த என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலோ, மரபும் பரிணாமமும் என்றிருந்த பாடம் மரபு என்ற அளவில் நின்றுவிட்டது. பெருந்தொற்றுக்குப் பின் மாணவர் சுமையைக் குறைத்தோம். பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் அப்பாடம் உள்ளது என்று விளக்கம் தந்தனர். உயிரியலைத் தேர்ந்தெடுக்காத பிள்ளை அதை எங்கே கற்கும்? 1,800-க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு முறையிட்டது இதற்காகவே. 2019-இல் வந்த தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு நூலில் அப்பாடம் உண்டு. நெமிலி அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கிடைத்தது, அரக்கோணத்துக் கேந்திரிய வித்யாலயாப் பிள்ளைக்குக் கிடைக்காமற் போயிற்று.

எவரும் கண்டதில்லையா? நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளை எண்ணிப் பாருங்கள். தோல் பதனிடப் பெரும்பாலும் குரோமிய உப்பைப் பயன்படுத்துகிறார்கள். அது கலந்த கழிவுநீர் பல நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. பிறவியிலேயே சிறு வேறுபாட்டால் அந்நஞ்சைத் தாங்கவல்ல சில மட்டும் பிழைக்கின்றன. அவற்றின் வழித்தோன்றல்களே பெருகுகின்றன. அத்தகைய பாக்டீரியாக்களை ஆய்வாளர்கள் தோல் ஆலைக் கழிவிலிருந்து பிரித்தெடுத்துள்ளனர். டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு இதுதான்.

இனி, நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி. 2019 ஜனவரியில், ஜலந்தரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஒருவர் டார்வினைவிடத் தசாவதாரமே பரிணாமத்தை நன்கு விளக்குகிறது என்றார். கேட்டு நாம் சிரித்தோம். ஆனால் டார்வினுக்கு முன்பே தொல்காப்பியர் சொன்னார், மணிவாசகர் சொன்னார் என்று நம் மேடைகளில் முழங்குகிறோமே! நானும் முழங்கியவனே, கைத்தட்டும் பெற்றவனே. அதை இன்று இவ்வவையில் திரும்பப் பெறுகிறேன்.

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அளவால் ஆறாக வகுக்கிறது. வியக்கத்தக்க பகுப்பு அது. ஆனால் ஒன்றிலிருந்து ஒன்று தோன்றியது என்று அது கூறவில்லை. சிவபுராணம் ஓர் உயிர் பல பிறவி எடுத்து இளைத்த துயரைப் பாடுகிறது. டார்வின் பேசுவதோ தலைமுறைதோறும் ஓர் இனத்துள் சேரும் மாற்றத்தை. இரண்டையும் ஒன்றாக்கினால் பாட்டின் உருக்கமும் போகும், பாடத்தின் தெளிவும் போகும். நம் பாட்டை அறிவியற் சான்றாக்க நமக்கு உரிமையுண்டென்றால், அவதாரக் கதையைப் பாடமாக்க வருபவரை எந்த வாயால் மறுப்போம்?

மணிவாசகரின் கண்ணீருக்கு ஆய்வுக்கூடத்தின் சான்றிதழ் வேண்டியதில்லை. அவரை அவர் பாட்டுக்காகவே போற்றுவோம். பரிணாமப் பாடம் பத்தாம் வகுப்பிலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டுமென்று குரல் கொடுப்போம். பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு இதுவே என் வேண்டுகோள்.